ஏழாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு கல்லீரல் மாற்றா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. ஹெப்படைடிஸ் பி கிருமியால் கல்லீரல் சுருங்கிப்போனதால் ஏழு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் அவருக்கு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. என் கல்லீரலின் வலப்பகுதியை நான் கொடுத்தேன். ஐந்து ஆண்டுகள் நன்றாக இருந்தார், வேலைக்கும் போய்வந்தார். கடந்த இரண்டு ஆண்டுகளாகக் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், மஞ்சள் காமாலை, இரவெல்லாம் தூங்கவிடாத அரிப்பு. கல்லீரல் தமனி அடைபட்டுப் பித்தக்குழாய்கள் சுருங்கிவிட்டன என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாய் வழியாகக் கருவி செலுத்தி (ஈ.ஆர்.சி.பி.), பித்தக்குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் குழாயை மாற்றுகிறார்கள். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் 9, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4. இரண்டாவது மாற்றுக்கு யோசிக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு மருத்துவர் "ஃபிஃப்டி ஃபிஃப்டி" என்றார், இன்னொருவர் எழுபது சதவீதம் என்றார். கொழுந்தன் தன் கல்லீரலைத் தர முன்வருகிறார். ஆனால், ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையைப் பணயம் வைக்க மாட்டேன் என்று மாமியார் அழுகிறார். நான் கொடுத்த கல்லீரலில்தான் குறையா? இரண்டாம் முறை செய்துகொண்டவர்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள்? செய்யலாமா, வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

ஆலோசனை:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கல்லீரலில் குறையா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டு மற்றவற்றைத் தெளிவாக யோசிக்க முடியாது. கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. முக்கால் பங்குக்கு அருகில் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. தமனி அடைபட்டாலும் கல்லீரல் செல்கள் சிரை ரத்தத்தைக் கொண்டு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் பித்தக்குழாய்களுக்குத் தமனி ஒன்றுதான் ஆதாரம். அது நின்றால் அவை மெல்ல மெல்லச் சுருங்கி, ஆங்காங்கே குறுகி, உள்ளே பித்தம் தேங்கி, அதில் கிருமி சேரும். உயிரோடிருக்கும் கொடையாளரிடமிருந்து எடுக்கும் பகுதியில் அந்தத் தமனி சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும், அதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸின் உதவியோடுதான் இணைக்கிறார்கள். அத்தகைய இணைப்பு அறுவை முடிந்த சில நாட்களில் அடைபடுவதும் உண்டு, அரிதாகப் பல ஆண்டுகள் கழித்து அடைபடுவதும் உண்டு. நீங்கள் கொடுத்த கல்லீரல் ஐந்து ஆண்டுகள் ஒரு மனிதரை வேலைக்கு அனுப்பியிருக்கிறது. பழுதுபட்டது அதற்கு ரத்தம் கொண்டுவந்த குழாய்தான்.

இனி சதவீதக் கணக்குக்கு வருவோம். இரண்டாம் முறை மாற்றுக்குப் பின் உயிர்வாழும் வாய்ப்பு முதல் முறையைவிடக் குறைவு என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. இத்துறையில் நெடுங்காலம் மேற்கோள் காட்டப்படும் கணக்கு, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை 1997இல் வெளியிட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் அங்கு நடந்த 350க்கும் மேற்பட்ட மறுமாற்றுகளை ஆராய்ந்ததில், ஓராண்டு முடிவில் 62 சதவீதத்தினரும், ஐந்தாண்டு முடிவில் 47 சதவீதத்தினரும், பத்தாண்டு முடிவில் 45 சதவீதத்தினரும் உயிரோடிருந்தார்கள். அதே காலத்தில் அதே மருத்துவமனையில் முதல் முறை மாற்று செய்துகொண்டவர்களில் இந்த விகிதங்கள் 83, 74, 68 என்று இருந்தன. உங்களிடம் "ஃபிஃப்டி ஃபிஃப்டி" என்று சொன்ன மருத்துவர் இப்படிப்பட்ட ஐந்தாண்டுக் கணக்கை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். எழுபது என்றவர் இன்றைய ஓராண்டுக் கணக்கைச் சொல்லியிருக்கலாம், ஏனெனில் கடந்த இருபது ஆண்டுகளில் அனுபவமிக்க பல மையங்களில் மறுமாற்றுக்குப் பிந்தைய ஓராண்டு உயிர்வாழ்வு 70 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசியதாக நீங்கள் குழம்ப வேண்டியதில்லை. எத்தனை ஆண்டுக் கணக்கு என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

அந்தப் பழைய எண்களை இன்னொரு முறை பாருங்கள். ஐந்தாம் ஆண்டில் 47ஆக இருந்தது பத்தாம் ஆண்டில் 45தான். அதாவது ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய அப்படியே நிலைத்தார்கள், முதல் முறை செய்துகொண்டவர்களுக்குக் குறைவாக அல்ல. பெரிய இழப்பு முதல் ஆண்டில்தான், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவுவதும் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழப்பதுமே அந்த மாதங்களில் முதன்மையான காரணங்கள். எனவே எத்தனை ஆண்டு வாழ்வார் என்ற உங்கள் கேள்வியை, அந்த முதல் மூன்று மாதங்களை அவர் தாண்டும் நிலையில் இருக்கிறாரா என்று மாற்றிக் கேட்பதே பொருத்தம். அதற்கு ஓரளவு திட்டவட்டமாக விடை சொல்லலாம்.

மறுமாற்று என்ற ஒரே பெயரின் கீழ் மிகவும் வேறுபட்ட நோயாளிகள் எண்ணப்படுகிறார்கள் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். புதிய கல்லீரல் பொருத்தியதிலிருந்தே வேலை செய்யாததால் சில நாட்களுக்குள் அவசரமாக இரண்டாவது கல்லீரல் தேவைப்பட்டவர் அதில் இருக்கிறார். முதல் வாரத்தில் தமனி அடைபட்டவர், ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருந்தபடியே அறுவைக்குப் போனவர், உடல் புதிய கல்லீரலை ஏற்காமல் ஆண்டுக்கணக்கில் மெல்ல நிராகரிப்பு ஏற்பட்டவர், பழைய நோயே புதிய கல்லீரலிலும் திரும்பியவர் என எல்லோரும் அதே கணக்கில் வருகிறார்கள். மேலைநாடுகளின் பழைய கணக்குகளில் ஹெப்படைடிஸ் சி நோயாளிகள் கணிசமாக இருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கிருமி புதிய கல்லீரலையும் விரைவாக அரித்துவிடும், இரண்டாவதையும் அரிக்கும். 2013இன் இறுதியில் சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் புழக்கத்துக்கு வந்த பிறகு அந்த நிலை மாறிவிட்டது. இதனால் பழைய எண்கள் இன்றைய நோயாளியின் வாய்ப்பைக் குறைத்தே காட்டுகின்றன. உங்கள் கணவருக்கு இருந்தது ஹெப்படைடிஸ் பி. அவர் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை விடாமல் எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் கிருமி தென்படாமல் இருந்தால், மூல நோய் திரும்பிவந்து புதிய கல்லீரலைக் கெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இது அவருக்குச் சாதகமான ஓர் அம்சம். அவர் வீட்டிலிருந்து நடந்து மருத்துவமனைக்கு வருபவர் என்பதும், அவசரமாக அன்றி நாள் குறித்துத் தயாராகச் செய்யக்கூடிய அறுவை என்பதும் மேலும் இரண்டு சாதகங்கள்.

பாதகம் எங்கே இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை வயிற்றைத் திறக்கும்போது அறுவை மருத்துவர் காண்பது முதல் முறை கண்ட வயிற்றை அல்ல. கல்லீரலின் மேற்பரப்பு உதரவிதானத்தோடும், கீழ்ப்பரப்பு குடலோடும் இரைப்பையோடும் தழும்புத் திசுவால் ஒட்டிக்கிடக்கும். அதைக் குடல் கிழியாமல் இழை இழையாகப் பிரித்தெடுப்பதற்கே பல மணி நேரம் போகும், அந்த நேரமெல்லாம் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பழைய தமனி அடைபட்டிருப்பதால் அதையே மறுபடி பயன்படுத்த முடியாமல் போகலாம். அப்போது வயிற்றின் பெருந்தமனியிலிருந்து ஒரு புதிய இணைப்புக் குழாய் போட வேண்டியிருக்கும். அதற்கு மூளைச்சாவடைந்த கொடையாளரின் இடுப்புத் தமனித் துண்டு மிக உதவியாக இருக்கும். பித்தக்குழாயையும் பழைய குழாயோடு சேர்க்காமல் குடலோடு நேரடியாக இணைக்க வேண்டி வரலாம். இவை எல்லாம் செய்யக்கூடியவைதான், ஆனால் முதல் மாற்றிலேயே போதிய அனுபவம் இல்லாத மையத்தில் செய்யத் தக்கவை அல்ல. உங்கள் மருத்துவமனையில் இதுவரை எத்தனை மறுமாற்றுகள் செய்திருக்கிறார்கள், அவற்றில் எத்தனை பேர் ஓராண்டைத் தாண்டினார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இந்தியாவில் மறுமாற்று எண்ணிக்கை குறைவு என்பதால் பெரிய எண் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் குழுவிடம் நம்பிக்கை வைக்கலாம்.

இன்னொரு பாதகம் அவருடைய பித்தத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் காய்ச்சல், ஒவ்வொரு முறையும் ஊசியில் ஆன்டிபயாடிக் என்றால், அங்கே தங்கியிருக்கும் கிருமிகள் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவையாக மாறியிருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டு மருத்துவமனைகளில் கடைசி அஸ்திரமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா கிருமி இப்போது சாதாரணமாகக் காணப்படுகிறது. மாற்று முடிந்த மறுநாள் முதல் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்துகள் கூடுதலாகத் தரப்படும் வேளையில் இந்தக் கிருமி ரத்தத்தில் புகுந்தால் நிலைமை கடினமாகிவிடும். ஆகவே கடந்த இரண்டு ஆண்டுகளின் ரத்த கல்ச்சர், பித்த கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) முடிவுகளை எல்லாம் தேதி வரிசையில் ஒரே கோப்பாகச் சேர்த்து வையுங்கள். ஸ்கேன் படங்களைவிட அந்தக் காகிதங்கள் சில சமயம் மாற்றுக் குழுவுக்கு அதிகம் உதவும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வில் விளைவை மோசமாக்கியவை எவை என்று பிரித்துப் பார்த்தபோது, நோயாளி வயதுவந்தவராக இருப்பது, அறுவைக்கு முன்பே வென்டிலேட்டரில் இருப்பது, கொடை உறுப்பு 12 மணி நேரத்துக்கு மேல் குளிரில் வைக்கப்பட்டிருப்பது, கிரியாட்டினின் உயர்ந்திருப்பது, பிலிரூபின் உயர்ந்திருப்பது ஆகிய ஐந்தும் தனித்து நின்றன. பிற்பாடு ரோசன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மறுமாற்று மதிப்பெண்ணிலும் வயது, பிலிரூபின், கிரியாட்டினின், இரு அறுவைகளுக்கும் இடைப்பட்ட காலம் ஆகியவைதான் கணக்கில் வருகின்றன. இவற்றில் உங்கள் கணவரின் வயதையும் கடந்துபோன ஏழு ஆண்டுகளையும் யாராலும் மாற்ற முடியாது. கிரியாட்டினினும் பிலிரூபினும் மாறிக்கொண்டே இருப்பவை. 1.4 கிரியாட்டினினோடு அறுவைக்குப் போகும் அதே மனிதர், ஓராண்டு கழித்து ஒரு கடும் தொற்றுக்குப் பின் 3 கிரியாட்டினினோடும், டயாலிசிஸோடும், தசை கரைந்த உடம்போடும் போனால், அவருடைய வாய்ப்பு முற்றிலும் வேறாகிவிடும். மறுமாற்றில் நல்ல விளைவுக்கும் மோசமான விளைவுக்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தக் காலத் தேர்வில் இருக்கிறது என்பது என் கருத்து.

அதற்காக நாளைக்கே அறுவைக்கு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்டென்ட் போட்டால் பிலிரூபின் இறங்குகிறதா, இரண்டு ஸ்டென்ட்டுகளுக்கு இடையிலான நல்ல நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றனவா, எடை குறைகிறதா, கல்லீரல் செல்களே பழுதாகத் தொடங்கிவிட்டனவா என்பதை எல்லாம் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டென்ட் மாற்றியும் பிலிரூபின் 9இல் நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மாற்றுக்கான முழுப் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. பரிசோதனை செய்துகொள்வதாலேயே அறுவைக்குச் சம்மதித்ததாகிவிடாது. எடுத்துப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தால் எதிர்பார்க்க வேண்டியதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழாய் வழியாகப் பித்தத்தை வெளியேற்றுவதும் ஆன்டிபயாடிக்கும் சில காலத்துக்குத் துணை நிற்கும், ஆனால் நாளடைவில் இந்தக் கல்லீரலும் சுருங்கும், அல்லது ஏதோ ஒரு தொற்று கட்டுப்படாமல் போகும். ஆகையால் நீங்கள் ஒப்பிட வேண்டியது முதல் மாற்றின் ஓராண்டு வாய்ப்பையும் இரண்டாம் மாற்றின் 70 சதவீதத்தையும் அல்ல. அறுவை செய்தால் அவருக்கு இருக்கும் வாய்ப்பையும், செய்யாவிட்டால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவருக்கு இருக்கும் வாய்ப்பையும் ஒப்பிட வேண்டும். இந்த இரண்டாவது எண்ணை உங்கள் கல்லீரல் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பல குடும்பங்கள் அதைக் கேட்பதே இல்லை.

காத்திருக்கும் காலத்தில் சிறுநீரகத்தைக் காப்பது உங்கள் கையிலும் ஓரளவு இருக்கிறது. உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். உடல் கல்லீரலை நிராகரிக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் நாளடைவில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது உண்மைதான், என்றாலும் அதன் அளவை நீங்களாகக் குறைக்கக் கூடாது, அதன் ரத்த அளவைப் பார்த்து மருத்துவரே குறைக்க வேண்டும். அரிப்புக்காக வேறொரு மருத்துவர் ரிஃபாம்பிசின் எழுதிக்கொடுத்தால், அது டாக்ரோலிமஸின் அளவை வெகுவாக இறக்கி நிராகரிப்புக்கு வழிவகுக்கும் என்பதால், மாற்றுக் குழுவிடம் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தொடங்க வேண்டாம். புரதம் குறையாமல் சாப்பிடட்டும். மஞ்சள் காமாலைக்குப் பத்தியம் என்று முட்டை, பருப்பு, மீனை நிறுத்தும் வழக்கம் இந்த நிலையில் தீங்குதான் செய்யும்.

உங்கள் கொழுந்தனாரைப் பற்றி. மூளைச்சாவடைந்தவரின் முழுக் கல்லீரல் கிடைத்தால், ரத்தக்குழாய்கள் நீளமாக இருப்பதாலும் கூடுதல் தமனித் துண்டு கிடைப்பதாலும், மறுமாற்றுக்கு அதுவே தொழில்நுட்ப ரீதியில் வசதியானது. எனவே கொழுந்தனார் தயாராக இருந்தாலும், தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் மருத்துவமனை வழியாக உடனே பதிவு செய்துவிடுங்கள். எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்பதை மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்தான் உங்கள் கணவரின் ரத்த வகையை வைத்துச் சொல்ல முடியும். கணவருடைய உடல்நிலை அந்தக் காத்திருப்பைத் தாங்காது என்றால்தான் உயிரோடிருக்கும் கொடையாளரைப் பற்றிய பேச்சு வலுப்பெறும். சட்டப்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவினர் என்பதால் அந்த வகையில் தடை இல்லை.

ஆனால் வேறொரு தடை இருக்கக்கூடும். ஹெப்படைடிஸ் பி பல குடும்பங்களில் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், சிறுவயதில் ஒரே வீட்டுக்குள்ளேயும் பரவுகிறது. அண்ணனுக்கு இருந்தது என்றால் தம்பிக்கும் இருந்திருக்கலாம், அவருக்கே தெரியாமல் இப்போதும் இருக்கலாம். முதல் மாற்றின்போது அவருக்கு இந்தப் பரிசோதனைகள் செய்யப்படவில்லை என்றால், ரத்த வகைக்கும் முன்பாக எச்.பி.எஸ்.ஏ.ஜி. (கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டுவது), ஆன்டி எச்.பி.சி. (முன்பு எப்போதாவது தொற்றியதா என்று காட்டுவது) ஆகிய இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாமியாரும் அவற்றைச் செய்துகொள்வது அவருடைய நலனுக்கே நல்லது. உங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்தாயிற்றா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாரின் அழுகையை நான் அறியாமை என்று ஒதுக்க மாட்டேன். வலப்பகுதியைக் கொடுப்பவர் உயிரிழக்கும் அபாயம் ஆயிரத்தில் இருவர் முதல் ஐவர் வரை என்று மதிப்பிடப்படுகிறது. அது சிறிய எண்தான், ஆனால் பூஜ்யம் அல்ல. அதோடு பித்தக் கசிவு, தொற்று, நெடுநாள் வலி போன்றவையும் உண்டு என்பது ஒருமுறை கொடுத்த உங்களுக்கே தெரியும். ஒரு மகனின் வாய்ப்பு எழுபதா ஐம்பதா என்று தெரியாத நிலையில் இன்னொரு மகனைப் பணயம் வைக்கச் சொன்னால் அந்தத் தாய் மறுப்பது இயல்பே. கொழுந்தனாரை, குடும்பத்தார் யாரும் உடனில்லாமல், மாற்றுக் குழுவைச் சேராத ஒரு மருத்துவரிடம் தனியே பேச ஏற்பாடு செய்யுங்கள். அவருக்கு மனைவி இருந்தால் அவரும் தனியே பேசட்டும். அப்போது கொழுந்தனார் பின்வாங்கினால், மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டில் சொல்லும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான குழுக்கள் அதற்கு உடன்படும். நீங்கள் கேட்டதால்தான் அவர் சம்மதித்தார் என்ற நிலை மட்டும் வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உறுப்பு மாற்றுக்கு உதவினாலும், இரண்டாம் மாற்றுக்கு முன்அனுமதி கிடைக்குமா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று நடைபெறுகிறது, அங்கும் ஒரு கருத்து கேட்கலாம். மறுமாற்றில் ஐ.சி.யூ. நாட்கள் கூடுதலாகும் என்பதால், மருத்துவமனை சொல்லும் தொகுப்புக் கட்டணத்துக்கு மேல் ஆகும் நாட்களுக்கு என்ன கணக்கு என்றும் கேளுங்கள்.

அடுத்த முறை போகும்போது சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்ப் படம்), எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாய்ப் படம்), ஹெப்படைடிஸ் பி டி.என்.ஏ. (ரத்தத்தில் உள்ள கிருமி) அளவு, கடந்த ஆறு மாத கிரியாட்டினின் அளவுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், அதுவும் அடைபட்டிருந்தால் அறுவையின் கணக்கே மாறும். இடையில் 100 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால் காலைவரை காத்திருக்காமல், பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்றும் நினைக்காமல், திருச்சியிலேயே அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அந்த இரவே அழைத்துச் செல்லுங்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் ரத்த கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள், சென்னைக் குழுவுக்கு அங்கிருந்தே தொலைபேசியில் தெரிவியுங்கள்.